ஸஃபேதில் ஐந்து நாள்: ஒரு புரூஃப் ரீடர் கபாலா படிக்கப் போன கதை

முதல் நாள், புதன்

நான் நேரில் பார்த்த முதல் கபாலா, ஒரு தங்கும் விடுதியில் மேஜைக்கு மேலே பலகையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கோஃப், பேத், லாமெத், ஹே. நான்கே எபிரேய எழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் புல்லரித்துவிட்டது. யூத மறைஞானத்தின் ஊருக்கு வந்து பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை, அதற்குள் இப்படி ஒரு வரவேற்பா!

ராத்திரி ஹைஃபாவில் இருக்கும் தம்பி மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான். “பெரியப்பா, அது ரிசப்ஷன். கடையில குடுக்கற ரசீதும் கபாலாதான்.” பெற்றுக்கொள்வது என்பதுதான் அந்தச் சொல்லின் வேராம். குருவிடமிருந்து சீடன் பெற்றுக்கொண்டது என்பதால் அந்த ஞானத்துக்கும் அதே பெயர். சரி, வரவேற்பு என்று நான் நினைத்ததும் தப்பில்லைதானே.

நான் தென்காசிக்காரன். முப்பது வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். கொம்பு விட்டுப்போனதா, ஒற்று மிகுந்ததா என்று தேடித் தேடியே கண் போனவன். எழுத்துகளைக் கொண்டுதான் கடவுள் உலகத்தைப் படைத்தார் என்று ஒரு மரபு சொல்வதாகக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு அரிப்பு. தம்பி மகன் ஆராய்ச்சிக்காக ஹைஃபா வந்து சேர்ந்ததும் சாக்கு கிடைத்தது. பத்து நாள் அவன் அறையில் உட்கார்ந்து அலெஃப் பேத் படித்துவிட்டு, இன்று பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன்.

ஸஃபேத் வட இஸ்ரேலில், மேல் கலிலேயாவில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. யூதர்களின் நான்கு புனித நகரங்களில் ஒன்று. ஜெருசலேமுக்கு நெருப்பு, ஹெப்ரோனுக்கு மண், திபேரியாவுக்கு நீர், இந்த ஊருக்குக் காற்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நவம்பரில் அந்தக் காற்று காதுக்குள் புகுந்து குடைகிறது. மஃப்ளர் கொண்டுவராதது என் தப்பு.

1492இல் ஸ்பெயின் யூதர்களை நாட்டை விட்டே துரத்தியது. சிதறிப் போனவர்களில் ஒரு கூட்டம் அடுத்த சில பத்தாண்டுகளில் இங்கே வந்து சேர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் இந்தச் சின்ன ஊரின் சந்துகளில் ஒரே சமயத்தில் நடமாடிய பெயர்களைப் பாருங்கள்: யூதச் சட்டங்களைத் தொகுத்த யோசேஃப் காரோ, கபாலாவை ஒழுங்குபடுத்தி எழுதிய மோஷே கோர்தோவேரோ, அவருடைய மைத்துனர் ஷ்லோமோ அல்கபெட்ஸ், கடைசியாக வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட ஐசக் லூரியா. காரோ பகலில் சட்டம் எழுதுவாராம், இரவில் அவருக்கு ஒரு குரல் கேட்குமாம். அந்தக் குரல் சொன்னதையும் ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ராத்திரிச் சாப்பாடு ஒரு யேமன்காரர் கடையில். லஹூஹ் என்றார். புளித்த மாவை ஒரு பக்கம் மட்டும் சுட்டு, மேலெல்லாம் துளைத்துளையாக, ஆப்பத்தின் நடுப்பகுதியை மட்டும் பெரிதாக விரித்த மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ளப் பச்சை மிளகாய்த் துவையல். ஊரை விட்டு வந்த பிறகு இன்றைக்குத்தான் நாக்கு என்னுடன் பேசியது.

இரண்டாம் நாள், வியாழன்

வகுப்பு ஒரு பழைய கல் வீட்டின் அடித்தளத்தில். நாங்கள் ஏழு பேர், எல்லோரும் வெளியூர். ஆசிரியருக்கு எழுபது இருக்கும், அமெரிக்காவிலிருந்து குடியேறியவர். ஆங்கிலத்தில்தான் பாடம். வந்ததும், நாற்பது வயது ஆகாதவர்கள் கை தூக்கச் சொன்னார். மூன்று கை.

“மரபுப்படி நீங்கள் மூவரும் வெளியே போகவேண்டும். நாற்பது ஆகாமல் கபாலா படிக்கக் கூடாது. லூரியாவும் உங்களோடு எழுந்து வருவார். அவர் இறந்தபோது வயது 38.”

யாரையும் அனுப்பவில்லை. ஆனால் யூதச் சட்டங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூதில் வரும் கதையைச் சொன்னார். நான்கு பேர் தோட்டத்துக்குள் போனார்கள். ஒருவர் பார்த்தார், இறந்தார். ஒருவர் பார்த்தார், புத்தி பேதலித்தது. ஒருவர் செடிகளை வெட்டினார், அதாவது மரபை விட்டே போய்விட்டார். ரப்பி அகீவா மட்டும் அமைதியாகப் போய் அமைதியாக வந்தார். நாலில் மூன்று தோல்வி. எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரேசில்காரர் காலடியில் இருந்த பையைக் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார், கிளம்பத் தயாராக இருப்பவர் போல.

பிறகு பலகையில் பத்து வட்டம் போட்டார். எல்லையற்றதற்குப் பெயர் ஏன் ஸோஃப், முடிவில்லாதது என்று பொருள். அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அது வெளிப்படும் பத்து நிலைகள்தான் ஸெஃபிரோத். உச்சியில் கேதெர், கிரீடம். கடைசியில் மல்குத், அரசாட்சி, நாம் இருக்கும் பக்கம். வேர் மேலே, கிளை கீழே இருக்கும் மரம். நான் உடனே வாயைத் திறந்தேன்: “எங்கள் ஊரிலும் தலைகீழ் அரசமரம்...” ஆசிரியர் கையைக் காட்டினார். “ஒரு வாரம் எதையும் எதோடும் ஒப்பிடாதீர்கள். அப்புறம் தாராளமாகச் செய்யுங்கள்.”

வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான்.

லூரியாவின் கேள்வி எனக்குப் பிடித்துப்போயிற்று. எல்லையற்றது எங்கும் நிறைந்திருக்கிறது என்றால் உலகத்தை எங்கே வைப்பது? ஆகவே படைப்பின் முதல் வேலை சுருங்குவது. அது தன்னை ஒடுக்கிக்கொண்டு ஒரு வெற்றிடத்தை விட்டது. இதற்கு ட்ஸிம்ட்ஸும் என்று பெயர். எனக்குச் செங்கோட்டை டவுன் பஸ் ஞாபகம் வந்தது. மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் வந்து நிற்கும்போது, ஜன்னலோரத்து அம்மா கூடையை மடியில் தூக்கி வைத்து, தோளை ஒடுக்கி, “உக்காருங்க” என்பார் இல்லையா? பஸ்ஸை ஒப்பிடலாமா என்று கேட்டேன். பஸ் பரவாயில்லை என்றார்.

அந்த வெற்றிடத்தில் ஒளி பாய்ந்தது. அதைத் தாங்க வேண்டிய பாத்திரங்கள் தாங்காமல் உடைந்தன. 288 பொறிகள் கீழே விழுந்து உலகத்துப் பொருள்களுக்குள் சிக்கிக்கொண்டன. மனிதன் நல்லது செய்யும்போதெல்லாம் ஒரு பொறி மேலே போகிறது. உடைந்ததைச் சரிசெய்வதற்குத் திக்குன் என்று பெயர். ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதை எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடவுளின் ஒளியே அகதியாகி நிற்கிறது! இதையெல்லாம் சொன்ன லூரியா 1570இல் இங்கே வந்து 1572இல் கொள்ளைநோயில் போய்விட்டார். முழுசாக இரண்டரை வருடம்கூட இல்லை. அவர் எழுதி வைத்தது மிகக் கொஞ்சம். ஹயீம் வீதால் என்ற சீடர் எழுதியதால்தான் நமக்குக் கிடைத்தது.

மத்தியானம் எழுத்துப் பாடம். இதற்குத்தானே வந்தேன். எபிரேயத்தில் 22 எழுத்து. மிகப் பழைய நூலான ஸேஃபெர் யெட்ஸிரா அதைத் தாய் எழுத்து மூன்று, இரட்டை ஏழு, தனி பன்னிரண்டு என்று பிரிக்கிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் மதிப்பும் உண்டு. எஹாத் என்றால் ஒன்று, கூட்டினால் 13. அஹவா என்றால் அன்பு, அதுவும் 13. இரண்டையும் சேர்த்தால் 26, அது கடவுளின் நான்கெழுத்துப் பெயரின் மதிப்பு.

இப்படிச் சொன்னால் நான் சும்மா இருப்பேனா? விடுதிக்கு வந்து நோட்டைத் திறந்தேன். யோத் என்ற யகர எழுத்துக்கு மதிப்பு 10, தமிழிலும் பத்தைக் குறிக்கும் பழைய குறி ய மாதிரிதான் இருக்கும். எபிரேயத்தில் உயிரோடு இருப்பது என்ற சொல்லின் மதிப்பு 18, நம் மெய்யெழுத்து 18. யூத வேதமான தோராவில் செங்கடலைக் கடப்பதைச் சொல்லும் மூன்று வசனங்களில் ஒவ்வொன்றிலும் 72 எழுத்து, அதிலிருந்துதான் கடவுளின் 72 பெயர்களை எடுக்கிறார்கள். மூன்று எழுபத்திரண்டு 216. உயிர்மெய் 216! சேரை விட்டு எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆசிரியரைத் தெருவில் பிடித்துக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். “உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், அதிலும் ஏதாவது எடுத்துத் தருகிறேன்” என்றார். முதலில் பொருள் தெரியவேண்டும், எண் அதற்குப் பின்னால் ருசி சேர்க்க வருவது, உப்பு மட்டும் வைத்துச் சமைக்க முடியாது என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினார். 12ஆம் நூற்றாண்டில் தெற்கு பிரான்சில் வெளிப்பட்ட பஹீர் என்ற நூல். எபிரேயத்தில் எழுத்தெல்லாம் மெய்தான். உயிரோசையைக் காட்ட மேலும் கீழும் புள்ளி வைப்பார்கள். அந்த வரி சொல்வது: எழுத்துகளில் புள்ளிகள், மனித உடலில் உயிர் இருப்பதைப் போல.

மெய், உயிர். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவருக்கு அதை விளக்கிச் சொன்னேன். இந்த முறை அவர் கையைக் காட்டவில்லை. சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே உறைத்தது, இதிலும் இரண்டும் ஒன்றில்லை. நமக்குப் புள்ளி வைத்தால் உயிர் போய்விடும். க என்பது க் ஆகும். அவர்களுக்குப் புள்ளி வைத்தால்தான் உயிர் வரும். பனையோலையில் எழுதியவர்கள் புள்ளியே வைக்கவில்லை, ஓலை கிழியும். இங்கே தோராச் சுருளிலும் புள்ளி கிடையாது. இரண்டு பக்கமும் படிக்கிறவன்தான் உயிர் கொடுத்து, அல்லது எடுத்து, வாசிக்க வேண்டும்.

“இதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 216ஐ அடித்துவிடுங்கள்” என்றார்.

அடிக்கவில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள், வெள்ளி

காலையில் இடுகாடு. ஊருக்குக் கீழே மலைச்சரிவு முழுக்கக் கல்லறை, பல கல்லறைகளுக்கு வானநீலத்தில் பெயின்ட். பூ வைக்கும் வழக்கம் இல்லை. சின்னக் கல்லை வைக்கிறார்கள். லூரியா, கோர்தோவேரோ, அல்கபெட்ஸ், காரோ எல்லோரும் இங்கேதான். லூரியாவின் கல்லறையில் மெழுகு உருகி உருகிப் படலமாகக் கிடந்தது. சீட்டு எழுதிச் செருகுகிறவர்கள், நெற்றியைக் கல்லில் வைத்து அழுகிறவர்கள். ஒரு பையன் சிவப்புக் கயிறு விற்றான். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் கண்திருஷ்டி படாது என்று. அதற்கு நம் ஊர்க் கறுப்புக் கயிறே போதும் என்று வந்துவிட்டேன்.

பக்கத்திலேயே லூரியா முங்கிய ஊற்று. பாறைக்குள் ஒரு ஆள் நிற்கும் அளவு தொட்டி, ஆண்களுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை என்பதால் துண்டோடு வரிசை. நான் ஐந்தருவியில் சாரல் காலத்து விடிகாலையில் நின்றவன், தண்ணீருக்குப் பயந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முழங்கால் வரை இறங்கினேன். அவ்வளவுதான். பின்னால் நின்ற தாத்தா ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய் மூன்று முங்கு முங்கிச் சிவந்து எழுந்தார்.

மூன்று மணிக்குள் கடை எல்லாம் சாத்தியாயிற்று. இனி நாளைச் சாயங்காலம் நட்சத்திரம் வரும்வரை ஓய்வுநாள். கடைசி நேரத்தில் ஒரு பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வாங்கியது புத்திசாலித்தனம்.

ஒரு பழைய தொழுகைக்கூடத்தின் வாசலில் வெளியாள் வரலாமா என்று கேட்டேன். தலைக்கு ஒரு தொப்பியைக் கொடுத்து உள்ளே விட்டார்கள். படம் எடுக்கக் கூடாது. பலகை பெஞ்சு, நீலச் சுவர், குழந்தைகள் நடுவில் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் அதட்டவில்லை. சூரியன் விழும் நேரத்தில் லெஹா தோதி தொடங்கியது. வா அன்பனே, மணமகளை எதிர்கொள்ளப் போவோம். மணமகள் என்பது ஓய்வுநாள். அல்கபெட்ஸ் இந்த ஊரில்தான் இதை எழுதினார். அன்றைக்கு இவர்கள் ஊர் எல்லைக்குப் போய்ப் பாடி அவளை அழைத்து வருவார்களாம். இன்று உலகம் முழுக்க யூதர்கள் வெள்ளி மாலை இதைத்தான் பாடுகிறார்கள்.

கடைசிப் பத்தியில் பாட்டு சட்டென்று இறங்கியது. கூட்டம் மொத்தமும் வாசலைப் பார்த்துத் திரும்பிக் குனிந்தது. நான் மட்டும் அரை நொடி பிந்தி, எல்லோருடைய முகத்தையும் ஒரு கணம் நேருக்கு நேர் பார்த்துவிட்டேன். கல்யாண வீட்டில் பெண்ணை அழைத்து வரும்போது இருக்கும் முகம் இருக்கிறதே, அது. வாசலில் யாரும் இல்லை. நானும் திரும்பினேன்.

நான்காம் நாள், சனி (எழுதுவது ராத்திரி)

விடுதிக்காரம்மா, பொது அறையில் போனை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பகல் முழுக்க அது பெட்டிக்குள் கிடந்தது. மத்தியானம் எனக்கும் ஒரு தட்டு ஹமீன் கொடுத்தார். நேற்றே சூட்டில் ஏற்றி ராத்திரியெல்லாம் வெந்த கோதுமை, பயறு, உருளை, முட்டை. முட்டை பழுப்பாகிவிடுகிறது. நன்றாக இருந்தது.

சும்மா நடந்தேன். ஊரின் நடுவே செங்குத்தாக ஒரு பெரிய படிக்கட்டு. கலவரங்களுக்குப் பிறகு யூதர் பகுதியையும் அரபுப் பகுதியையும் பிரிக்க பிரிட்டிஷார் கட்டியது. ஒரு பக்கம் தொழுகைக்கூடங்கள். மறுபக்கம் இன்று ஓவியர் குடியிருப்பு. அழகான வீடுகள், வளைவு ஜன்னல்கள். அவை 1948 மே மாதம் வரை அரபுக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். அன்றைக்கு இந்த ஊரில் அவர்கள்தான் பெரும்பான்மை, போரில் எல்லோரும் வெளியேறினார்கள், திரும்ப விடவில்லை. பாலஸ்தீன அதிபர் மஹ்மூத் அப்பாஸ் 1935இல் பிறந்தது இங்கேதான். ஒரு மசூதி இப்போது ஓவியக் கண்காட்சிக் கூடம். துரத்தப்பட்டவர்கள் உடைந்த பாத்திரங்களைப் பற்றி யோசித்த ஊரில் இப்படியும் ஒரு தெரு. வகுப்பில் இதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மேற்கே மெரோன் மலை தெரிந்தது. ஷிமோன் பார் யோஹாயின் சமாதி அங்கே. கபாலாவின் மூலநூலான ஸோஹாரை இரண்டாம் நூற்றாண்டில் அவர்தான் சொன்னார் என்பது நம்பிக்கை. ஆனால் நூல் வெளிவந்தது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஸ்பெயினில், மோசஸ் தெ லியோன் என்பவர் கையால். இதில் ஒரு பழைய புரூஃப் ரீடர் வருகிறார். ஆக்கோ நகரத்து ஐசக் என்பவர் இதைக் கேள்விப்பட்டு, மூலப்பிரதி உண்டா என்று விசாரிக்க ஸ்பெயினுக்கே போனார். வீட்டில் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன் என்று மோசஸ் சத்தியம் செய்தார். வீடு போய்ச் சேருமுன் வழியிலேயே இறந்துபோனார். அது 1305. பிரதியைக் கேட்டுப் போனவர்களிடம், அப்படி ஒன்று கிடையாது, அவர் மண்டையிலிருந்தே எழுதினார் என்று மனைவி சொன்னதாகப் பதிவு. இருபதாம் நூற்றாண்டில் கெர்ஷோம் ஷோலெம் என்ற கபாலா ஆராய்ச்சியாளர் நூலின் அரமேய மொழியில் இருந்த பிழைகளையும் ஸ்பானிய வாடையையும் வைத்தே எழுதியவர் மோசஸ்தான் என்று வாதிட்டார்.

பிழையை வைத்து ஆளைப் பிடிப்பது! என் தொழிலுக்கு இப்படி ஒரு மரியாதை உண்டென்று இத்தனை வருடம் யாரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு

இங்கே ஞாயிறு வேலைநாள். ஆசிரியர் சொல்லி அனுப்பிய ஒரு சோஃபேர் வீட்டுக்குப் போனேன். சோஃபேர் என்றால் தோராச் சுருளைக் கையால் எழுதுகிறவர். அடுப்படிக்குப் பக்கத்து அறை, சாய்வு மேஜை, இறகுப் பேனா, கறுப்பு மை, பதப்படுத்திய தோல். தோராவில் 304,805 எழுத்து. ஒன்று குறைந்தாலும் சுருள் செல்லாது. ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது, எதிரில் பிரதி இருக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். கடவுளின் பெயரில் பிழை வந்தால் சுரண்டி அழிக்க முடியாது, அந்தத் தோலையே எடுத்துப் புதைக்கக் கொடுத்துவிட வேண்டும். எழுதி முடித்ததும் பிழை பார்க்க இப்போது கம்ப்யூட்டரும் உண்டு. “அதற்குப் பிறகும் மனுஷன் பார்க்கிறான்” என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

மேஜையில் ஒரு பழைய மெஸூஸா. வீட்டு வாசல்நிலையில் அடிக்கும் சின்னச் சுருள்: 22 வரி, 713 எழுத்து. ஏழு வருடத்துக்கு இரண்டு தடவை கழற்றிப் பரிசோதிக்க வேண்டும். யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். முதல் வரியில் ஒரு எழுத்தின் மூலையில் மை உதிர்ந்திருந்தது. பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். தாலெத் எழுத்துக்கு மூலை கூர்மையாக இருக்கும், ரேஷுக்கு வளைவாக. இந்த எழுத்தில் மூலை இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அந்தச் சொல் எஹாத். ஒருவர். கேள் இஸ்ரவேலே, ஆண்டவர் நம் கடவுள், ஆண்டவர் ஒருவர். தாலெத் போய் ரேஷ் ஆனால் அது அஹேர். வேறொருவர்.

“மெஸூஸாவில் எழுத்துகளை வரிசையாகத்தான் எழுத வேண்டும். முடித்த பிறகு திரும்பி வந்து திருத்த முடியாது. இது ரேஷ் என்றால் மொத்தமும் போயிற்று.”

“எப்படி முடிவு செய்வீர்கள்?”

“ஒரு குழந்தையிடம் காட்ட வேண்டும். எழுத்து தெரிந்த குழந்தை. ரொம்பக் கெட்டிக்காரக் குழந்தை கூடாது, சொல்லைப் பார்த்து ஊகித்துவிடும்.”

அப்படியென்றால் நானே சொல்கிறேனே, எனக்கு எழுத்து மட்டும்தானே தெரியும் என்றேன். என்ன சொல் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும், எஹாத், பதிமூன்று என்றேன். தலையை ஆட்டினார். “போன புதன்கிழமை வந்திருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன்.”

அடுத்த வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வர முக்கால் மணி நேரம் ஆனது. ஹைஃபா பஸ் போய்விட்டது, அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். பையனுக்கு ஆறு வயது இருக்கும், கையில் கடலை மாவில் செய்த பொரி பாக்கெட். அவர் கையைத் துடைத்துவிட்டு, முன்னும் பின்னும் இருந்த எழுத்துகளைக் காகிதத்தால் மறைத்து, அந்த ஒன்றை மட்டும் காட்டினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“ரேஷ்” என்றான் பையன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, சுருளை உருட்டி, புதைக்கப் போகும் பெட்டியில் போட்டார். பூதக்கண்ணாடி இன்னும் என் கையில்தான் இருந்தது. சுருளைக் கேட்டு வாங்கி மறுபடி ஒரு தடவை பார்த்தேன். எனக்குத் தாலெத்தாகத்தான் தெரிந்தது.